பூச்சோங்கில் சிறப்புக் கல்வி: யாரைக் கேட்பது, எதைக் கேட்பது?



பூச்சோங் வட்டாரத்தில் பாடம் நடத்துகிறவர்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், எங்க பையனுக்குச் சிறப்புக் கல்வி வகுப்பு வேணும்னு சொல்றாங்க. அதுக்கு யாரைப் போய்ப் பார்க்கணும்? எம்பிஎஸ்ஜே ஆபீஸா?" கேட்பவர் படிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் இருக்கும் உறவினர் "இங்கே எல்லாம் கவுன்சில்தான் பார்த்துக்கும்" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது அந்த ஊருக்குச் சரி, நம் ஊருக்குப் பொருந்தாது. எது யாருடைய பொறுப்பு என்று தெரியாததால் ஒரு பிள்ளையின் ஒரு வருடம், சில நேரம் இரண்டு வருடம், சும்மாவே போய்விடுகிறது. அதனால் இதை முதலிலிருந்தே பார்ப்போம்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் உள்ளூர் மன்றத்தின் தோளில் இந்தச் சுமையை ஏற்றி வைத்திருக்கிறது. தன் வட்டாரத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு என்ன வசதி இருக்கிறது, அது போதுமா என்று மன்றம் தொடர்ந்து மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் 27ஆவது பிரிவு. தகுதியுள்ள பிள்ளைக்குக் கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து ஒரே திட்ட ஆவணம் தயாராகும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வாரத்துக்குள் அது முடிய வேண்டும் என்பது விதி. பல மன்றங்கள் அந்தக் கெடுவைத் தவறவிடுகின்றன, பெற்றோர் தீர்ப்பாயம் வரை போகிறார்கள். இருந்தாலும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதில் அவர்களுக்குக் குழப்பம் கிடையாது.

மலேசியாவில் கல்வி கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டினால் தெரியும். ஊராட்சி மன்றம் மாநிலத்தின் கீழ் வருவது. 2020 அக்டோபரில் மாநகர் மன்றமாக உயர்ந்த சுபாங் ஜெயா மன்றத்தின் எல்லைக்குள்தான் பூச்சோங் இருக்கிறது. என்றாலும் பள்ளிக்குள் ஒரு வகுப்பைத் திறக்கவோ ஓர் ஆசிரியரை அமர்த்தவோ அந்த மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. பள்ளி வாசலுக்கு வெளியே நடைபாதை உடைந்து சக்கர நாற்காலி போக முடியவில்லை, கால்வாய்க்கு மூடி இல்லை என்றால் மன்றத்திடம் போங்கள். வாசலுக்கு உள்ளே நடப்பதெல்லாம் கல்வி அமைச்சு, சிலாங்கூர் மாநிலக் கல்வி இலாகா, நமக்கு மேலிருக்கும் பெட்டாலிங் பெர்டானா மாவட்டக் கல்வி அலுவலகம் ஆகியவற்றின் பொறுப்பு. மாவட்ட அலுவலகத்தில் சிறப்புக் கல்விக்கென்று அதிகாரிகள் இருக்கிறார்கள். பெற்றோரை அங்கே அனுப்புங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், அதாவது சட்டம் 550, தன் 40, 41ஆம் பிரிவுகளில் சிறப்புக் கல்வியைப் பேசுகிறது. சிறப்புப் பள்ளிகளில் மட்டுமல்ல, அமைச்சர் தகுந்தது எனக் கருதும் தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி ஆகியவற்றிலும் சிறப்புக் கல்வியை வழங்கலாம் என்று அதில் இருக்கிறது. "தொடக்கப்பள்ளி" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? தமிழ்ப்பள்ளி அதில் அடங்கும். சட்டத்தில் நமக்கு வாசல் திறந்தே இருக்கிறது. இதைப் பின்னால் மறுபடியும் எடுப்பேன்.

அடுத்து வந்தவை 1997ஆம் ஆண்டு விதிமுறைகள். கடுமையான உடற்குறை அல்லது கடுமையான அறிவு வளர்ச்சிக் குறை உள்ள பிள்ளைகளை அவை அரசுப் பள்ளிக்கு வெளியே நிறுத்தின. தன்னைத் தானே கவனித்துக்கொள்ளக்கூடிய, "கல்வி கற்கக்கூடிய" பிள்ளை என்ற வடிகட்டி இருந்தது. அந்த வடிகட்டியில் நின்றுபோன பிள்ளைகள் அரசு சாரா நிலையங்களுக்குப் போனார்கள், அல்லது வீட்டிலேயே இருந்தார்கள். 2013இல் புதிய விதிமுறைகள் பழையதை மாற்றின. பார்வை, செவி, பேச்சு, உடல், கற்றல் ஆகியவற்றில் குறை இருப்பதாகவோ, இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருப்பதாகவோ உரிய நிபுணர் உறுதி செய்தால் அந்தப் பிள்ளை சிறப்புத் தேவையுள்ள மாணவர். பள்ளியில் சேர்த்த பின் மூன்று மாதத்துக்கு மேற்படாத ஒரு சோதனைக் காலம் உண்டு. எந்த வகைத் திட்டம் அவனுக்குப் பொருந்தும் என்று பார்க்கத்தான் அது. பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கிடைத்த கால அவகாசம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

2019இலிருந்து "புறக்கணிப்பு இல்லை" என்ற கொள்கை நடப்புக்கு வந்தது. "ஜீரோ ரிஜெக்ட்" என்றால்தான் பள்ளி அலுவலகத்தில் புரியும். சிறப்புத் தேவை என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

உங்கள் பள்ளியில் பிள்ளை எங்கே உட்காருவான் என்பதற்கு மூன்று வழி. முதலாவது, முழுக்க முழுக்கச் சிறப்புக் கல்விப் பள்ளி. இரண்டாவது, சாதாரணப் பள்ளிக்குள் தனி வகுப்புகளாக நடக்கும் ஒருங்கிணைப்புத் திட்டம். பிபிகேஐ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். மூன்றாவது, உள்ளடக்கக் கல்வித் திட்டம். இதில் பிள்ளை மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் படிப்பான், முழுநேரமாகவோ சில பாடங்களுக்கு மட்டுமோ.

75 விழுக்காடு என்ற எண்

2013 முதல் 2025 வரையிலான மலேசியக் கல்வி மேம்பாட்டுத் திட்டம் ஒரு பெரிய இலக்கை வைத்தது. 2025க்குள் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் 75 விழுக்காட்டினர் உள்ளடக்கக் கல்வியில் இருக்க வேண்டும். நல்ல இலக்குதான். ஆனால் மறுஆய்வு என்று எங்கே பேச்சு வந்தாலும் இந்த எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஏன் என்று சொல்கிறேன். விழுக்காடு என்றால் மேலே ஓர் எண், கீழே ஓர் எண். கீழே இருக்கும் எண்ணில் யார் வருகிறார்கள்? ஏற்கெனவே அடையாளம் காணப்பட்டு, மருத்துவ உறுதி கிடைத்து, பள்ளியில் பதிவான பிள்ளைகள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, "சோம்பேறி", "கவனமில்லாதவன்" என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் பையன் அந்தக் கணக்கிலேயே இல்லை. மேலே இருக்கும் எண்ணைப் பாருங்கள். முழுநேரமும் மற்றவர்களோடு படிக்கிறவனும், ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் மட்டும் வந்து போகிறவனும் உள்ளடக்கம் என்ற ஒரே குடைக்குள் வந்துவிடலாம். மாவட்ட அளவிலோ பள்ளி அளவிலோ மறுஆய்வு நடக்கும்போது, எத்தனை பேர் என்பதோடு எத்தனை பாடவேளை, எந்தப் பாடம், துணையாள் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். அதை யாரும் கேட்பதில்லை: எந்த மொழியில்?

தமிழ்ப் பிள்ளைக்கு வரும் தனிச் சிக்கல்

பூச்சோங்கின் தமிழ்ப்பள்ளிகளின் பெயரைப் பாருங்களேன். கின்றாரா, காசல்பீல்ட் என்று பழைய தோட்டங்களின் பெயர்கள் இன்னும் நிற்கின்றன. ரப்பர் மரம் போய், ஈய லம்பம் போய், எல்டிபி நெடுஞ்சாலையும் அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. நாடு முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒருங்கிணைப்புத் திட்ட வகுப்பு உள்ளவை மிகச் சில. இத்தகைய வகுப்புகளில் பெரும்பாலானவை தேசியப் பள்ளிகளில் இருக்கின்றன.

இதன் விளைவு என்ன? அக்கா தமிழ்ப்பள்ளிக்குப் போகிறாள். தம்பிக்கு ஆட்டிசம் என்று தெரிகிறது. தம்பி வேறு பள்ளிக்கு, வேறு மொழிக்குப் போகிறான். வீட்டில் பாட்டி பேசுவது தமிழ். அவனுக்கு உதவி கிடைக்க, தமிழை விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை. சட்டத்தின் 40ஆவது பிரிவில் தமிழ்ப்பள்ளியும் அடங்கும் என்று சொன்னேனே, அதை இங்கேதான் பொருத்திப் பார்க்க வேண்டும். வகுப்பு திறக்க அறை வேண்டும், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், மாணவர் நிர்வாக உதவியாளர் வேண்டும், பிள்ளைகளின் எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை இல்லை என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். வகுப்பே இல்லாதபோது பெற்றோர் எப்படிப் பிள்ளையைப் பதிவார்கள்? கோழியா முட்டையா கதைதான். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வட்டாரத்திலுள்ள பெற்றோரின் எழுத்துப்பூர்வமான கோரிக்கைகளைத் திரட்டி மாவட்ட அலுவலகத்திடம் கொடுத்தால் பேச்சுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும்.

சில பெற்றோரிடம் "குழப்பம் வேணாம், வீட்டுல ஒரே மொழி பேசுங்க" என்று யாராவது அறிவுரை சொல்லியிருப்பார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் மொழி வளர்ச்சி மேலும் பின்தங்கும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பாட்டியோடு பேச முடியாமல் போவதுதான் கண்ணுக்குத் தெரியும் இழப்பு.

அடையாளம் காண்பதிலும் மொழி குறுக்கே நிற்கிறது. அமைச்சு பயன்படுத்தும் டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியல் மலாய் மொழி வழியாகப் பார்க்கிறது. ரோமன் எழுத்தில் பி-யையும் டி-யையும் திருப்பிப் போடுவது எல்லாருக்கும் தெரிந்த அறிகுறி. தமிழில் அப்படி நேருக்கு நேர் திரும்பும் எழுத்துகளைத் தேடினால் அவ்வளவாகக் கிடைக்காது. அப்படியென்றால் தமிழில் டிஸ்லெக்சியா எப்படித் தெரியும்? தமிழாசிரியர்களான நாம் பேச வேண்டிய இடம் இது.

முதலில் எது அறிகுறி இல்லை என்று பார்ப்போம். "வாழைப்பழம்" என்பதை "வாலைப்பலம்" என்று எழுதுகிறவனுக்கெல்லாம் டிஸ்லெக்சியா இல்லை. நம் பிள்ளைகள் பேசுவதே அப்படி. ல, ள, ழ வேறுபாடு காதில் விழாதபோது கையில் எப்படி வரும்? ர-ற, ந-ன-ண தடுமாற்றமும் பெரும்பாலும் இதே கதை. எஸ்.பி.எம். மாதிரித் தாளில் இந்தப் பிழைகளுக்கு நீங்கள் போடும் சிவப்பு வட்டங்கள் உச்சரிப்புப் பழக்கத்தைக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

வேறு சிலவற்றைக் கவனியுங்கள். தமிழில் ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. "கெ" என்று சொல்லும்போது முதலில் வருவது க் என்ற ஒலி. எழுதும்போது முதலில் வருவது கொம்பு. "கொ", "கோ" என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. "கேடு", "கோடு" இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கால்தான் வித்தியாசம். "கௌ" என்பதில் பின்னால் நிற்கும் குறி "ள" போலவே இருக்கிறது. சாதாரணமாகப் படிக்கும் பிள்ளை ஆண்டு 2, ஆண்டு 3க்குள் இதைக் கடந்துவிடுகிறான். சிக்கல் உள்ள பிள்ளை படிவம் 1க்கு வந்த பிறகும் கொம்பை அடுத்த எழுத்தோடு சேர்த்துப் படிப்பான், காலை விட்டுவிடுவான்.

"தவளை"யை "வதளை" என்று எழுத்து மாற்றிப் படிப்பது, ஒரு வரியில் சரியாகப் படித்த சொல்லை அடுத்த வரியில் புதிதாகப் பார்ப்பதுபோல் திணறுவது, வரி தாவுவது, நீளமான சொல்லின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது ஆகியவையும் அப்படித்தான். "க" என்ற ஒரே எழுத்து "கல்", "அகம்", "பங்கு" மூன்றிலும் வேறு வேறாக ஒலிக்கிறது என்பதும் அவனுக்கு ஒரு தனிச் சுமை. எல்லாவற்றையும்விட முக்கியமானது இடைவெளி. கதை சொல்லச் சொன்னால் வகுப்பே வாய் பிளந்து கேட்கும்படி சொல்வான். அதையே எழுதச் சொன்னால் மூன்று வரி தேறாது. இந்த இடைவெளி மாதக்கணக்கில், குறைநீக்கல் பயிற்சிக்குப் பிறகும் குறையாமல் நின்றால் கண்டிப்பாக அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். நாம் மருத்துவர் இல்லை, "இவனுக்கு டிஸ்லெக்சியா" என்று முடிவு சொல்லும் வேலையும் நம்முடையது இல்லை. தேதி போட்டு, மாதிரி எழுத்தை ஒட்டி, கவனித்ததை எழுதி வைப்பது நம்முடைய வேலை. மலாய் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கவனித்ததைச் சேர்த்துக்கொண்டால் அறிக்கை வலுவாகும். ஒரு மொழியில் மட்டும் சிக்கல் என்றால் அது மொழிப் பழக்கமாக இருக்கலாம். மூன்றிலும் தெரிந்தால் யோசிக்க வேண்டும்.

சென்னையில் 1990களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் இயங்கி வருகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கப்பட்ட வகைகளை 7இலிருந்து 21ஆக உயர்த்தியபோது குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. அங்கே தமிழ் எழுத்தை வைத்துச் சேர்ந்திருக்கும் அனுபவத்தை நம் சங்கம் கேட்டுப் பெற முடியும் என்றே நினைக்கிறேன்.

அட்டை வாங்குவதா வேண்டாமா?

பெற்றோரோடு பேசுவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். "டீச்சர், அவன் அப்பாவும் லேட்டாத்தான் படிச்சாரு", "அட்டை எடுத்தா நாளைக்கு வேலை கிடைக்குமா, கல்யாணம் ஆகுமா?" இந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். நம் சமூகத்தில் பேச்சுக்கு அஞ்ச வேண்டித்தான் இருக்கிறது.

நடைமுறையைச் சொல்லுங்கள். அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போனால் அங்கிருந்து மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார்கள். நிபுணரின் அறிக்கை வந்த பின் சமூக நல இலாகாவில் ஓகேயு பதிவு செய்யலாம். செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனம், பல குறைகள் என்று அங்கே ஏழு வகை. சிறப்புக் கல்வித் திட்டத்தில் பதிவான மாணவருக்கு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. பள்ளியில் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது ஆர்பிஐ தயாராகும். பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு, கேட்டுப் படித்துப் பார்த்துக் கையொப்பம் இடச் சொல்லுங்கள். மருத்துவமனையில் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதுவரை வகுப்பில் உதவி செய்ய எந்த அட்டையும் தேவையில்லை. முன்வரிசையில் உட்கார வைப்பது, கேள்வியை வாசித்துக் காட்டுவது, பாதி அளவு எழுத்துப் பயிற்சி கொடுப்பது எல்லாம் இன்றைக்கே செய்யக்கூடியவை.

இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும்

ஆண்டு 6இலிருந்து படிவம் 1க்கு வரும்போது பல பிள்ளைகளின் கோப்பு பின்தங்கிவிடுகிறது, பிள்ளை மட்டும் வந்து சேருகிறான். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே, ஆர்பிஐயின் நகலைப் பெற்றோர் கையிலும் ஒன்று கொடுத்து அனுப்புங்கள். பெரிய உதவியாக இருக்கும்.

குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசியப் பள்ளியில் தமிழ் மொழி கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. இந்தக் கணக்கை நாம் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அந்தப் பெயர்ப்பட்டியலைத் தயாரிக்கும்போது ஒருங்கிணைப்புத் திட்ட வகுப்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டோமா? தேர்வில் எழுத மாட்டான், அதனால் தேவையில்லை என்று நாமே முடிவு கட்டிவிடக்கூடாது. வாய்மொழிப் பயிற்சி, கதை கேட்டல், நாடகம் ஆகியவற்றுக்காவது தமிழ் வகுப்பில் அவன் வந்து உட்காரலாம். கற்பிக்கும் முறை, நேரம், நடவடிக்கைகளின் வரிசை, பயிற்றுத்துணைப் பொருள் ஆகியவற்றை மாணவருக்கேற்ப மாற்ற ஆசிரியருக்கு விதிமுறைகள் இடம் கொடுக்கின்றன.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு

உங்களில் யாருக்காவது பார்வை, செவி, எழுதும் கை, கற்றல் ஆகியவற்றில் சிக்கல் இருந்தால் எஸ்.பி.எம். தேர்வில் சிறப்புத் தேவை வேட்பாளராகப் பதிந்துகொள்ள வழி உண்டு. கூடுதல் நேரம், பெரிய எழுத்துத் தாள், பிரெய்ல் தாள், வாசித்துக் காட்டுபவர், எழுதித் தருபவர் என்று தேவைக்கேற்ப ஏற்பாடு செய்வார்கள். தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே மருத்துவ ஆவணத்தோடு பள்ளியின் தேர்வுச் செயலாளரிடம் சொல்ல வேண்டும். தேர்வுக்கு இரண்டு வாரத்துக்கு முன் போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வெட்கப்பட்டு நேரத்தை விட்டுவிடாதீங்க. எழுதித் தருபவர் கிடைத்தால் அவருக்குச் சொல்லிச் சொல்லி எழுத வைப்பது ஒரு தனிப் பழக்கம். மாதிரித் தேர்விலேயே அதைப் பயிற்சி செய்யுங்கள், முக்கியமாகத் தமிழுக்கு. "பள்ளி" என்று சொன்னால் எந்த "ள்" என்று நீங்களே சொல்ல வேண்டி வரலாம்.

கட்டுரையில் இந்தத் தலைப்பு வந்தால் சொல்லைப் பார்த்து எழுதுங்கள். பழைய "ஊனமுற்றோர்" என்ற சொல்லைத் தவிர்த்துவிடலாம். நம் நாட்டு நாளிதழ்களில் "உடற்பேறு குறைந்தோர்" என்று வருகிறது. 2010 வாக்கில் தமிழ்நாட்டு அரசு "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லைப் பரப்பியது, இங்கேயும் அது பழகிவிட்டது. இரண்டில் எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க ஒன்றையே எழுதுங்கள். கருத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தோன்றியது, பிரிக்பீல்ட்சில் அதன் தலைமையகம் இருக்கிறது. அதனால்தான் அந்த வட்டாரத்தில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை நிறையப் பார்க்கிறோம், நடைபாதையில் மஞ்சள் தடக்கற்களும் இருக்கின்றன. அந்தக் கற்களின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதையும் எழுதலாம்.